குழந்தையின் வயிற்றில் கட்டி என்றார்கள்: ஸ்கேன் அறைகளில் நாங்கள் பட்டதும் தெரிந்துகொண்டதும்

எங்களுக்குத் திருப்பூர். கணவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், நான் இன்னொரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது கிட்னியில் கட்டி இருப்பது தெரிந்தது. இப்போது சிகிச்சையெல்லாம் முடிந்து, செக்கப்புக்கு மட்டும் போய்வருகிறோம். கீமோ பற்றியும் ஆபரேஷன் பற்றியும் சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால், இது என்ன கட்டி என்று தெரியாமல் ஸ்கேன் சென்டர் ஸ்கேன் சென்டராக அலைகிற ஒரு காலம் இருக்கிறது. எங்கள் பணமும் நிம்மதியும் அதிகம் போனது அங்கேதான். யாராவது முன்னாலேயே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிக்குப் பாதி மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கண்டுபிடித்தது என் அம்மா. பாப்பாவுக்கு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைப்பது அவர்தான். வயிற்றில் எண்ணெய் தடவும்போது இடது பக்கம் விலா எலும்புக்குக் கீழே கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது என்றார். நான் தொட்டுப் பார்த்தேன். வழவழப்பாக, உருண்டையாக, கல் மாதிரி இல்லாவிட்டாலும் அழுத்தமாக இருந்தது. பாப்பாவுக்கு வலியே இல்லை, கிச்சுக்கிச்சு மூட்டுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு விசாரித்தபோது தெரிந்தது, இந்தக் கட்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் வீட்டில் குளிப்பாட்டுகிறவர்கள், துணி மாற்றுகிறவர்கள் கையில் முதலில் அகப்படுமாம். சில குழந்தைகளுக்கு மட்டும் சிறுநீரில் ரத்தம் போகும், வயிறு வலிக்கும், காய்ச்சல் வரும். வலி இல்லையே என்று ஆறுதல் பட்டுக்கொள்ள இதில் எதுவும் இல்லை.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றார்கள். இடது பக்கம் என்பதால் அந்தச் சந்தேகம் வருவது இயல்புதான் போல. காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனைகள், ஒரு டானிக், அடுத்த வாரம் வாருங்கள். அந்த வாரம் முழுக்க எனக்கு மனசே சரியில்லை. அடுத்த வாரத்துக்குக் காத்திருக்காமல் குழந்தைகள் டாக்டர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் கையை வைத்துப் பார்த்தார், அவ்வளவு மெதுவாக, ஒரே ஒரு தடவை. எடுத்த எடுப்பில் சொன்னது இதுதான்: "இனி யாரையும் வயித்தத் தொட விடாதீங்கம்மா. நீங்களும் அழுத்திப் பாக்காதீங்க. இன்னைக்கே வயித்து ஸ்கேன் எடுத்துட்டு நேரா என்கிட்ட வாங்க." அப்படியே பிரஷர் பார்க்கச் சொன்னார். மூன்று வயதுக் குழந்தைக்கு எதற்கு பிரஷர் என்று நான் நினைத்தேன். கிட்னியில் கட்டி இருந்தால் ரத்த அழுத்தம் ஏறலாம், பாப்பாவுக்கு ஏறியிருந்தது.

தொடாதீர்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கட்டி மெல்லிய உறைக்குள் இருக்கிறது. அடிபட்டோ அழுத்தப்பட்டோ அது வயிற்றுக்குள் கிழிந்தால் நோயின் கட்டம் (ஸ்டேஜ், நோய் எது வரை போயிருக்கிறது என்ற கணக்கு) ஏறிவிடும், கதிர்வீச்சு வரை போக வேண்டிவரும். எங்கள் வீட்டிலோ செய்தி கேட்டு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் "எங்க சாமி, காட்டு" என்று ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்க்க வந்தார்கள். பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கணவர் தயங்கினார். நான் டாக்டர் மேல் பழியைப் போட்டுக் கறாராகச் சொல்லிவிட்டேன். இன்றைக்கும் ஒரு பெரியம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை. ஆஸ்பத்திரியிலும் இதே கதைதான், பயிற்சி டாக்டர்கள் வரிசையாக வந்து தொட்டுப் பார்ப்பார்கள். "ஏற்கெனவே பார்த்துட்டாங்க, ஸ்கேன் இருக்கு, அதைப் பாருங்க டாக்டர்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கேட்டால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வயிற்று ஸ்கேன் (அல்ட்ராசவுண்ட்) எடுத்த டாக்டர் அம்மா நல்ல மனுஷி. நான்கைந்து கர்ப்பிணிகள் வெளியே காத்திருக்க, பாப்பாவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கினார். ஜெல்லைக் கையில் வைத்துச் சூடேற்றித் தடவினார், என் போனில் பாட்டு ஓடவிட்டார். இந்த ஸ்கேனுக்கு மயக்கம் வேண்டாம், கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வாங்கினார்கள். அவர் என்னென்ன பார்த்தார் என்பதை அன்று நான் புரிந்துகொள்ளவில்லை, பிறகுதான் தெரிந்தது. கட்டி கிட்னிக்குள்ளிருந்து கிளம்பியதா, பக்கத்து உறுப்பிலிருந்து வந்து கிட்னியை நெருக்குகிறதா? உள்ளே கெட்டியான சதையா, வெறும் நீரா? வலது கிட்னி சுத்தமாக இருக்கிறதா? கலர் டாப்ளர் என்பதைப் போட்டு, கிட்னியின் ரத்தக் குழாய்க்குள் கட்டி வேர்விட்டிருக்கிறதா என்றும் பார்த்தார். சில குழந்தைகளுக்கு அது அந்தக் குழாய் வழியே பெரிய ரத்தக் குழாய்க்கும், அங்கிருந்து இதயம் வரைக்குமே ஏறியிருக்குமாம். அறுப்பதற்கு முன் அது தெரிந்தே ஆக வேண்டும். நீங்கள் வயிற்று ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட்டில் இந்த விஷயங்களுக்கு ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அவர் ரிப்போர்ட்டில் வில்ம்ஸ் ட்யூமர் என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார், கீழே நியூரோபிளாஸ்டோமா என்று எழுதி இரண்டு கேள்விக்குறி. அதைப் பார்த்து நான் பயந்ததைவிடக் கோபப்பட்டதே அதிகம். காசு வாங்கிக்கொண்டு டாக்டரே கேள்வி கேட்டு வைத்திருக்கிறாரே என்று. நானும் கணவரும் ராத்திரி முழுக்க போனை வைத்துக்கொண்டு அந்த இரண்டு பேரையும் தேடினோம். வில்ம்ஸ் என்பது கிட்னிக்குள்ளேயே உண்டாவது. குழந்தைகளுக்கு வரும் கிட்னிக் கட்டிகளில் பெரும்பான்மை அதுதான், அதிகமும் ஐந்து வயதுக்குள். 1899-இல் இதைப் பற்றி விரிவாக எழுதிய மாக்ஸ் வில்ம்ஸ் என்கிற ஜெர்மன் டாக்டரின் பெயரால் அழைக்கிறார்கள். நியூரோபிளாஸ்டோமா நரம்பு சார்ந்தது, கிட்னிக்கு மேல் தொப்பி வைத்தாற்போல இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் அடிக்கடி உண்டாகும். இடமும் கிட்டத்தட்ட ஒன்று, வயதும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் மருந்து வேறு, பாதை வேறு, குணமாகும் வாய்ப்பும் வேறு. அந்த ராத்திரி எங்கள் கடவுளிடம் "வில்ம்ஸாக இருக்கட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். புற்றுநோய் வேண்டும் என்று ஒரு தாய் வேண்டுதல் வைப்பாள் என்று யாராவது சொன்னால் நம்பியிருப்பேனா.

அடுத்தது சிடி ஸ்கேன். இங்கேதான் நாங்கள் சிக்கினோம். ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சர்ஜனைப் பார்த்தோம். அவர் பெரியவர்களுக்கு ஆபரேஷன் செய்கிறவர். உடனே சிடி எடுக்கச் சொல்லி ஒரு சென்டருக்கு அனுப்பினார். தெரிந்தவர் ஒருவரின் காரில் போனோம். காலையிலிருந்து ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று சொல்லவில்லை. பாப்பா தண்ணீர் கேட்டு அழுதுகொண்டே இருந்தாள். மத்தியானம்தான் கூப்பிட்டார்கள். தூக்கத்துக்கு ஒரு சிரப் கொடுத்தார்கள், அவள் பாதியைத் துப்பிவிட்டாள். கண்ணயர்ந்தபோது கையில் ஊசி ஏற்ற, விழித்துக்கொண்டு அலறினாள். மயக்க டாக்டர் கிடையாது. என்னையும் கணவரையும் ஈய ஏப்ரன் மாட்டவைத்துக் கையையும் காலையும் பிடிக்கச் சொன்னார்கள். அழுதுகொண்டே மூச்சை இழுத்து இழுத்து விடுகிற குழந்தையைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? மசமசவென்று இருந்தது. எட்டாயிரத்துக்கு மேல் கட்டினோம்.

சிடிக்குப் போகும் முன் கேட்க வேண்டியவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மயக்க டாக்டர் இருப்பாரா என்று போனிலேயே கேளுங்கள். எத்தனை மணிக்கு எடுப்பீர்கள் என்று கேட்டு அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்: திட உணவுக்கு ஆறு மணி நேரம், தாய்ப்பாலுக்கு நான்கு மணி நேரம், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவான வழக்கம். இரவெல்லாம் குழந்தையைத் தண்ணீர்கூட இல்லாமல் காயப்போட வேண்டியதில்லை. படத்தில் உறுப்புகள் பளிச்சென்று தெரிவதற்காக ஏற்றும் கான்ட்ராஸ்ட் ஊசிக்கு முன், கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்திருக்க வேண்டும். அப்புறம் மிக முக்கியமாக, வயிறு மட்டுமா, நெஞ்சும் சேர்த்தா என்று கேளுங்கள். வில்ம்ஸ் பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் முதலில் போகும். அதனால் நெஞ்சையும் சேர்த்து ஒரே மயக்கத்தில் எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு வயிறு மட்டும்தான் எடுத்தார்கள். ஆனால் அதையே மூன்று சுற்று எடுத்தார்கள்: ஊசி போடாமல் ஒன்று, போட்டவுடன் ஒன்று, பொறுத்து இன்னொன்று. பெரியவர்களுக்கு அப்படி எடுப்பது வழக்கமாம். குழந்தைக்கு இந்த மாதிரிக் கட்டிக்கு ஊசி போட்டு ஏறக்குறைய ஒரு நிமிடம் கழிந்து எடுக்கும் ஒரே சுற்று பெரும்பாலும் போதும் என்று பிறகு சொன்னார்கள். ஒவ்வொரு சுற்றும் கூடுதல் கதிர்வீச்சு. குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது டோஸைக் குறைக்க வேண்டும் என்று 2008 முதல் உலக அளவில் 'இமேஜ் ஜென்ட்லி' என்றே ஓர் இயக்கம் நடக்கிறது. "குழந்தை டோஸ் வெச்சுத்தானே எடுக்கறீங்க, எத்தனை சுற்று?" என்று டெக்னீஷியனைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ரிப்போர்ட் மறுநாள் வந்தது. கட்டி 11 சென்டிமீட்டர். அதே இரண்டு பெயர், அதே கேள்விக்குறிகள். கூடவே புதிதாக ஒரு வரி: நுரையீரலின் அடிப்பகுதியில் சிறு நிழல்கள், புற்று பரவியதாக இருக்கலாம். வயிற்றை எடுக்கும்போது நெஞ்சின் அடிப்பாகமும் கொஞ்சம் விழுமல்லவா, அதில் தெரிந்தது. அந்த ஒரு வரி எங்களைச் சாய்த்துவிட்டது. சர்ஜன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, நாளைக்கே ஊசி போட்டு கட்டியிலிருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பிவிடலாம், உடம்பில் புற்று எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்கும் பெட் ஸ்கேனும் எடுத்துவிடுங்கள் என்றார். பெட் ஸ்கேனுக்கு இருபதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். என் சங்கிலி அன்றைக்கு அடகுக்குப் போனது. அண்ணன் ஒரு தொகை கொண்டுவந்து கொடுத்தார். கணவர் ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து அழுததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

நல்ல வேளை, இரவு அந்தக் குழந்தைகள் டாக்டருக்கு போன் போட்டேன். அவர் சத்தம் போடாத குறை. "ஊசி போடணுமா வேண்டாமான்னு அந்தக் கட்டிய எடுக்கப் போறவங்கதான் முடிவு பண்ணணும். குழந்தைங்க கேன்சர் பாக்கிற இடத்துக்குப் போற வரைக்கும் எதுக்கும் கையெழுத்துப் போடாதீங்க" என்றார். இதைத்தான் எல்லாப் பெற்றோருக்கும் உரக்கச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஊசி குத்தினால் கட்டியின் செல்கள் வழியில் சிந்தலாம். அமெரிக்க முறையில், ஆபரேஷனுக்கு முன் பயாப்ஸி (இப்படிச் சதை எடுத்து டெஸ்ட் செய்வது) எடுத்திருந்தாலே மூன்றாம் கட்டம் என்று கணக்கில் வைத்து மருந்தையும் கதிர்வீச்சையும் கூட்டிவிடுவார்கள். ஐரோப்பிய முறையில், வயதும் ஸ்கேனும் வில்ம்ஸுக்குப் பொருந்தினால் பயாப்ஸி இல்லாமலே நான்கு வாரம் கீமோ கொடுத்து, கட்டியைச் சுருக்கி, பிறகு எடுக்கிறார்கள். நம் நாட்டில் பல இடங்களில் இந்த இரண்டாவது வழியில் போகிறார்கள். குழந்தைகள் இங்கே பெரிய கட்டியோடு வந்து சேருவதால் அது தோதாக இருக்கிறது. பயாப்ஸியே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயது பொருந்தாவிட்டாலோ, ஸ்கேனில் ஏதாவது வழக்கத்துக்கு மாறாக இருந்தாலோ எடுக்கத்தான் வேண்டும், அதையும் முதுகுப் பக்கமாக, வயிற்றறைக்குள் சிந்தாதபடி எடுப்பார்கள். எங்கே, யார், எந்தப் பக்கமாக என்பதுதான் விஷயம்.

குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் முதல் நாளே, எங்கள் சிடி ஸ்கேனைப் பதிந்து கொடுத்த தட்டு கைவிட்டது. கம்ப்யூட்டரில் போட்டால் நாலு பக்கம் படம் மட்டும் வந்தது. சென்டர்காரர்கள் ஃபிலிமில் அச்சடித்த அதே படங்களைத் தட்டில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். ஸ்கேன் டாக்டருக்கு வேண்டியது டைகாம் என்கிற முழுப் பதிவு. நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க முடிவது அதில்தான். கணவர் பஸ் பிடித்துத் திரும்ப ஊருக்குப் போய், சென்டரில் வாக்குவாதம் செய்து, பென்டிரைவில் வாங்கிவந்தார். சில வாரங்கள் போனால் அவர்கள் மெஷினிலிருந்து அழித்துவிடுவார்களாம். ஸ்கேன் எடுத்த அன்றே, கிளம்புவதற்கு முன், டைகாம் தட்டு கொடுங்கள் என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒரு பிரதி வையுங்கள்.

அங்கே இருந்த ஸ்கேன் டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். எத்தனையோ இடத்தில் எத்தனையோ டாக்டரைப் பார்த்தோம், திரையைத் திருப்பிக் காட்டியவர் அவர் ஒருவர்தான். மவுஸ் சக்கரத்தை உருட்ட உருட்டப் பாப்பாவின் வயிறு மேலிருந்து கீழே நகர்ந்தது. கல்லீரல் வந்தது, போனது. அப்புறம் அந்தக் கட்டி, மங்கிய சாம்பல் நிறத்தில், திரையில் பாதியை அடைத்துக்கொண்டு. அதன் ஓரத்தில் பளிச்சென்று வெள்ளையாக ஒரு பிறை தெரிந்தது. "இதுதாம்மா மிச்சம் இருக்கிற கிட்னி. மருந்த நல்லா இழுத்திருக்கு, அதான் வெள்ளையாத் தெரியுது. இது ரெண்டு பக்கமும் எப்படிக் கூராப் போயி கட்டியக் கவ்விட்டு இருக்கு பாருங்க, நண்டுக் கொடுக்கு மாதிரி." அவர் பேனா முனையால் அந்தக் கூர் நுனியைத் தொட்டுக் காட்டினார். கட்டி கிட்னிக்குள்ளிருந்து வளர்ந்தால் கிட்னியின் சதை இப்படி இழுபட்டு மெலிந்து கட்டியைக் கவ்விக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து வந்து நெருக்கினால் கிட்னி மொத்தமாக நசுங்கிக் கீழேயோ பக்கத்திலேயோ தள்ளப்பட்டிருக்கும், அந்தக் கூர் வராது. பிறகு முதுகெலும்பை ஒட்டிவரும் பெரிய ரத்தக் குழாயைக் காட்டினார். கட்டி அதை வலது பக்கமாக ஒதுக்கியிருந்தது, சுற்றி வளைக்கவில்லை. கட்டிக்குள் சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லை. கிட்னியின் ரத்தக் குழாய் திறந்து கிடந்தது.

வார்டில் எங்கள் பக்கத்துக் கட்டிலில் இருந்த குழந்தையின் அம்மாவுக்கும் அவர் இதேபோலக் காட்டியிருந்தார். அவர்களுடையது நேர் எதிர். கட்டி நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போயிருந்தது, பெரிய ரத்தக் குழாயை முதுகெலும்பிலிருந்து தூக்கி நாலாபக்கமும் சூழ்ந்திருந்தது, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் பொடிப்பொடியாக. கிட்னி முழுசாக, கீழே தள்ளப்பட்டு இருந்தது. அது நியூரோபிளாஸ்டோமா. அவர்களுக்குச் சிறுநீரில் வி.எம்.ஏ. என்கிற, அந்த வகைக் கட்டி இருந்தால் கூடுகிற பொருளைப் பார்த்தார்கள், எலும்பு மஜ்ஜை எடுத்தார்கள், அந்தக் கட்டி எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் எம்.ஐ.பி.ஜி. என்று தனி ஸ்கேன், அவர்களுக்குப் பயாப்ஸி அவசியம். எங்களுக்கும் அந்தச் சிறுநீர் டெஸ்ட் எடுத்தார்கள், சாதாரணமாக வந்தது. வெளியூர் லேபுக்குப் போவதால் முடிவு வரச் சில நாள் ஆகும். வயிற்றுக் கட்டி என்று தெரிந்தவுடனே அனுப்பிவிட்டால் அந்த நாட்கள் மிச்சம். அந்த அம்மாவும் நானும் ஒரே வயது, ஒரே மாதிரி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு முடியவில்லை.

நுரையீரல் நிழலுக்கு வருகிறேன். மயக்க டாக்டரை வைத்து நெஞ்சை மட்டும் திரும்ப எடுத்தார்கள். அழுது களைத்த குழந்தைக்கும், தூக்க மருந்தில் மேலோட்டமாக மூச்சுவிடும் குழந்தைக்கும் நுரையீரலின் அடிப்பாகம் கொஞ்சம் சுருங்கிக் கிடக்கும். படத்தில் அது புள்ளி புள்ளியாக, புற்று பரவியது போலவே தெரியலாம். இம்முறை முகமூடி வைத்துக் காற்றை உள்ளே செலுத்தி, நுரையீரலை விரித்துப் பிடித்துக்கொண்டு எடுத்தார்கள். சில நொடிதான். நிழல் எதுவும் இல்லை, சுத்தம். நாங்கள் தூங்காமல் கிடந்த இரவுகளுக்கும் அடகுக்குப் போன சங்கிலிக்கும் காரணம் ஒரு சரியில்லாத படம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அதே சமயம் அங்கேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதேன்.

புற்றுநோய் டாக்டர் ஸ்கேனை மட்டும் நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டார்ச் அடித்துப் பாப்பாவின் கருவிழியைப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு காலையும் சேர்த்துவைத்து நீளமும் பருமனும் ஒன்றா என்று அளந்தார். கருவிழியில் வண்ண வளையம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கும், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பெரிதாக வளரும் குழந்தைகளுக்கும், நாக்கு பெரிதாக இருக்கும் ஒருவகைப் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கும் வில்ம்ஸ் வரும் வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், கட்டி எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், ஏழெட்டு வயது வரைக்கும். தட்டிக்கழிக்காதீர்கள். வலது கிட்னியையும் அவர் விடாமல் கேட்டார். இரண்டு கிட்னியிலும் கட்டி வரும் குழந்தைகள் சிலர் உண்டு. தவிர, கட்டியாக மாறக்கூடிய சின்னச் சின்னத் திட்டுகள் மறுபக்கக் கிட்னியில் ஒளிந்திருக்கலாம். அது தெரியாமல் ஒரு கிட்னியை எடுத்துவிட்டால் திண்டாட்டம். சந்தேகம் இருந்தால் அதற்கு எம்ஆர்ஐ நன்றாக உதவும் என்றார்கள், எங்களுக்குத் தேவைப்படவில்லை.

சரி, இவ்வளவு பார்த்த பிறகாவது வில்ம்ஸ் என்று அடித்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "எங்கிருந்து வந்துச்சு, எது வரைக்கும் போயிருக்குன்னு ஸ்கேன்ல பாக்கலாம்மா. என்ன ரகம்னு மைக்ராஸ்கோப்லதான் உறுதியாத் தெரியும். வயசும் படமும் சேந்து பாத்தா வில்ம்ஸ்தான், அதை வெச்சு ஆரம்பிக்கிறோம்" என்றார். கிட்னிக்குள்ளேயே வளரும் வேறு ரகங்களும் இருக்கின்றன, படத்தில் ஒன்றுக்கொன்று பெரிதாக வித்தியாசம் தெரியாது. அப்போது வயதுதான் பெரிய துப்பு. பிறந்து மூன்று மாதத்துக்குள் கட்டி என்றால் மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா என்கிற, பெரும்பாலும் ஆபரேஷனோடு தீர்ந்துவிடுகிற வகையை முதலில் நினைப்பார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குக் கீமோவை முதலில் கொடுக்காமல் நேராகக் கட்டியை எடுக்கவே விரும்புவார்கள். பதின்வயதுப் பிள்ளைக்கு வந்தால் பெரியவர்களுக்கு வரும் கிட்னிப் புற்றாக இருக்கலாம். ராப்டாய்ட் என்கிற முரட்டு வகை சின்னக் குழந்தைகளுக்கு வரும், அதற்கு மூளையையும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்ப்பார்கள். கிளியர் செல் சார்கோமா என்றால் எலும்புகளையும் பார்ப்பார்கள். டாக்டர் திடீரென்று மூளைக்கோ எலும்புக்கோ ஸ்கேன் எழுதினால் அதற்குக் காரணம் இதுதான், பணம் பறிக்கிறார்கள் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். எதற்காக என்று கேளுங்கள், சொல்வார்கள்.

மீதிக் கதை சுருக்கம். நான்கு வாரம் கீமோ, கட்டி நன்றாகச் சுருங்கியது. இடது கிட்னியை எடுத்தார்கள். எடுத்த கட்டியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பெத்தாலஜியில் வில்ம்ஸ்தான், நடுத்தர ஆபத்து வகை, இரண்டாம் கட்டம் என்று வந்தது. பிறகு 27 வாரம் வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் என்கிற கீமோ மருந்துகள். முடி போனது, மலச்சிக்கலில் அவள் பட்டபாடு தனிக் கதை, கொஞ்ச நாள் கால் தூக்கி நடக்கச் சிரமப்பட்டாள். எல்லாம் திரும்பி வந்துவிட்டது. இப்போது வயிற்று ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள். ஒரே கிட்னி என்பதால் காய்ச்சல் வந்தால்கூட டாக்டரைக் கேட்காமல் இபுபுரோஃபன் மாதிரி வலி மருந்துகள் கொடுப்பதில்லை.

பணத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது. சரியான இடத்துக்கு வருவதற்கு முன்பே முதல் சிடி, தேவையில்லாத ரத்த டெஸ்ட்டுகள், கன்சல்டிங், கார் வாடகை என்று முப்பதாயிரத்துக்குக் குறையாமல் போயிருந்தது, இரண்டு பேருக்கும் சம்பளம் பிடித்தது தனி. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை எங்களுக்கு உதவியது. நாங்கள் எடுத்தபோது குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நான் அந்த வருடம் வேலையை விட்டு நின்றதால்தான் வரம்புக்குள் வந்தோம், வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்க கணவர் நடையாய் நடந்தார். இந்த அட்டை திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் ரொக்கமில்லாமல் செல்லும், அவ்வளவுதான். வெளியே நீங்கள் கைக்காசு போட்டு எடுத்த ஸ்கேனின் பில்லை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் வயிற்று ஸ்கேனில் கட்டி என்று வந்த உடனே, சிடிக்குப் பணம் கட்டுவதற்கு முன், குழந்தைகள் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் இடத்துக்குப் போய்விடுங்கள். சென்னையில் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனையும், 1954 முதல் இயங்கும் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் இருக்கின்றன. சிடி அங்கேயே ஒரே தடவையில், நெஞ்சும் வயிறும் சேர்த்து, மயக்க டாக்டரோடு எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு ஃபைல் போடுங்கள். முதல் பக்கத்தில் குழந்தையின் எடை, ரத்த வகை, எந்தத் தேதியில் என்ன ஸ்கேன், எந்த மருந்துக்கு அலர்ஜி என்று கையால் எழுதி வையுங்கள்; ராத்திரி டூட்டி டாக்டர் கேட்கும்போது தூக்கக் கலக்கத்தில் எதுவும் ஞாபகம் வராது. அடுத்தடுத்த ஸ்கேன்களை முடிந்தவரை ஒரே இடத்தில் எடுங்கள், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட அவர்களுக்கு வசதி. ஆபரேஷனுக்குப் பிறகு பெத்தாலஜி ரிப்போர்ட்டின் நகலோடு விட்டுவிடாதீர்கள். கட்டியின் மெல்லிய துண்டுகள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளும், கட்டியின் சதையை மெழுகில் பதித்த பிளாக்கும் அந்த லேபில் இருக்கும். இன்னொரு இடத்தில் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டுமானால் அவைதான் தேவைப்படும். எழுதிக் கேட்டால் கொடுக்கிறார்கள், எங்களுக்கு ஒரு வாரத்தில் கிடைத்தது.